அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி ஆள்வது எப்படி?

கேள்வி இதுதான். வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் முழுக்கச் சிங்காசனமும் இடியும் வாதையும் கோபமுமாக இருக்கிறது. ஆனால் அந்தச் சிங்காசனத்துக்கு நடுவில் நிற்பதோ அடிக்கப்பட்ட ஓர் ஆட்டுக்குட்டி, அதாவது கிறிஸ்து. சர்வ வல்லமையும் பலியும் எப்படி ஒரே இடத்தில் நிற்கும்? ‘முதல் வருகையில் ஆட்டுக்குட்டி, இரண்டாம் வருகையில் சிங்கம்’ என்று பிரசங்கங்களில் கேட்கிறோமே, அதுதான் விடையா? அப்படியானால் விசுவாசிகளும் பலியாகத்தான் வேண்டுமா?

நடுவில் உள்ள கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிரசங்க வாக்கியம் கேட்க எடுப்பாக இருக்கும். ஆனால் ஐந்தாம் அதிகாரம் அதற்கு நேர்மாறாக எழுதப்பட்டிருக்கிறது. ஆட்டுக்குட்டியாக இருந்தவர் பிறகு சிங்கமாக மாறினார் என்று இந்தப் புத்தகத்தை எழுதிய யோவான் எங்கும் எழுதவில்லை. சிங்கம் என்று அவர் காதில் விழுந்தது. திரும்பிப் பார்த்தால் ஆட்டுக்குட்டி நிற்கிறது. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் வழி கிடைக்கும்.

ஐந்தாம் அதிகாரத்துக்குள் போகுமுன் நான்காம் அதிகாரத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பரலோகத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. யோவான் முதலில் காண்பது சிங்காசனத்தை. அதில் வீற்றிருப்பவரின் முகத்தையோ உருவத்தையோ அவர் வருணிப்பதில்லை. வச்சிரக்கல், பதுமராகம், மரகதம் போன்ற வானவில் என்று ஒளியையும் நிறத்தையும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார். சுற்றிலும் இருபத்துநான்கு சிங்காசனங்களில் பொன்முடி சூடிய மூப்பர்கள். அவர்கள் அந்த முடிகளைக் கழற்றிச் சிங்காசனத்துக்கு முன் வைத்து வணங்குகிறார்கள்.

இன்று நாம் இதைப் பக்தி உணர்வோடு வாசித்துக் கடந்துவிடுகிறோம். முதல் நூற்றாண்டில் இது வேறு மாதிரிக் கேட்டிருக்கும். கி.பி. 63இல் ஆர்மீனியாவின் அரசுரிமைக்கு நின்ற டிரிடேட்டஸ், ரோமப் படைகளின் முன்னிலையில், நீரோவின் உருவச்சிலையின் காலடியில் தன் முடியைக் கழற்றி வைத்ததை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். முடியைக் கழற்றி இன்னொருவர் முன் வைப்பது, ‘என் ஆட்சி நீ போட்ட பிச்சை’ என்று ஒப்புக்கொள்ளும் செயல். யோவான் அதே சடங்கைப் பரலோகத்தில் நடத்திக் காட்டுகிறார். ஆனால் முடிகள் போய்ச் சேரும் இடம் வேறு.

இந்தப் புத்தகம் யாருக்குப் போனது என்பதையும் மறக்கக் கூடாது. எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா ஆகிய ஏழும் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த ஊர்கள். ரோமப் பேரரசரைத் தெய்வமாக வழிபடுவதில் அந்த வட்டாரம் முன்னணியில் நின்றது. பெர்கமுவில் கி.மு. 29இலேயே ரோமுக்கும் அகஸ்டஸுக்கும் கோயில் கட்ட அனுமதி வாங்கிவிட்டார்கள். சிமிர்னாவில் திபேரியுவுக்குக் கோயில். எபேசுவில் பேரரசர் டொமிஷியன் காலத்தில், 89-90ஐ ஒட்டி, அவருடைய குடும்பப் பேரரசர்களுக்கு ஒரு பெரிய கோயில். ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு வாங்கிய கௌரவங்கள் இவை. டொமிஷியனை ‘நம் ஆண்டவரும் தெய்வமுமானவர்’ என்று குறிக்கும் கடிதங்கள் போனதாக ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதுகிறார். மூப்பர்கள் தங்கள் முடிகளை வைத்துப் பாடும் பாட்டும் ‘எங்கள் ஆண்டவரும் கடவுளுமானவரே’ என்ற அழைப்போடுதான் பழைய கையெழுத்துப் படிகளில் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. டொமிஷியன் காலத்தில் பேரரசு முழுவதும் கிறிஸ்தவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். அதற்குச் சான்று மிகக் குறைவு. புத்தகத்தின் தொடக்கத்தில் இந்த ஏழு ஊர்ச் சபைகளுக்கும் எழுதிய கடிதங்களில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் இரத்தசாட்சி ஒருவர்தான், பெர்கமுவின் அந்திப்பா. மற்றபடி அந்த ஊர்களில் இருந்தது தினசரி நெருக்கடி. தொழிற்சங்க விருந்தில் சிலைக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா, ஊர்த் திருவிழாவில் பேரரசருக்குச் சாம்பிராணி போடலாமா என்பது மாதிரி. லவோதிக்கேயா சபைக்கோ துன்பமே இல்லை. ‘நான் ஐசுவரியவான்’ என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இந்தப் புத்தகம் கடுமையாகச் சாடுகிறது.

இப்போது ஐந்தாம் அதிகாரம். வீற்றிருப்பவரின் வலது கையில் ஒரு சுருள். உள்ளும் புறமும் எழுதி, ஏழு முத்திரைகளால் மூடியிருக்கிறது. எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட சுருளின் சாயல் இதில் உண்டு. உலகத்தின் முடிவைக் கடவுள் எப்படி நடத்தப்போகிறார் என்பது அதற்குள் இருக்கிறது என்று பொதுவாக விளக்குவார்கள். பலமுள்ள ஒரு தூதன் உரத்த குரலில் கேட்கிறான்: இதைத் திறக்கப் பாத்திரவான் யார்? கேள்வி ‘பலவான் யார்’ என்று வரவில்லை, ‘பாத்திரவான் யார்’ என்று வருகிறது. வானத்திலும் பூமியிலும் பூமிக்குக் கீழும் ஒருவரும் இல்லை. யோவான் மிகவும் அழுகிறார். தரிசனத்தில் அவர் அழுததாகச் சொல்லும் ஒரே இடம் இது.

ஒரு மூப்பர் சொல்கிறார்: அழ வேண்டாம், யூதா கோத்திரத்துச் சிங்கமும் தாவீதின் வேருமானவர் ஜெயங்கொண்டிருக்கிறார். ஆதியாகமம் 49இல் யாக்கோபு யூதாவைப் பாலசிங்கம் என்று ஆசீர்வதித்ததும், ஏசாயா 11இல் ஈசாயின் வேர் என்று வருவதும் யூத வாசகருக்கு உடனே நினைவுக்கு வரும். இரண்டும் ராஜா வருவார், பகைவரை ஒடுக்குவார் என்ற எதிர்பார்ப்பின் சொற்கள். ஏறக்குறைய இதே காலத்தில் எழுதப்பட்ட நான்காம் எஸ்றா என்ற யூத நூலில் இந்த எதிர்பார்ப்பு நேரடியாகவே வருகிறது. அங்கே ரோமைக் குறிக்கும் கழுகு ஒன்று. காட்டிலிருந்து கர்ஜித்துக்கொண்டு வரும் சிங்கம் அதைக் கண்டிக்கிறது. கழுகின் உடல் எரிந்துபோகிறது. அந்தச் சிங்கம்தான் தாவீதின் வம்சத்தில் வரும் மேசியா என்று நூலே விளக்கிவிடுகிறது. யோவானின் வாசகர்களும் அப்படி ஒன்றைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள்.

யோவான் பார்க்கிறார். ‘அடிக்கப்பட்டவண்ணமாயிருக்கிற ஒரு ஆட்டுக்குட்டி’ நிற்கிறது. செத்த ஆடு நிற்காது. நிற்கிற ஆட்டின் மேல் வெட்டுக்காயம் அப்படியே தெரியாது. இரண்டும் ஒன்றாக இருக்கிறது: கொல்லப்பட்டது, ஆனால் நிற்கிறது. அதற்கு ஏழு கொம்புகள். எபிரெய வேதத்தில் கொம்பு பலத்தின் அடையாளம், ஏழு நிறைவின் எண். ஆக, இந்த ஆட்டுக்குட்டிக்குப் பலம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பூரண வல்லமை அதனிடம்தான் இருக்கிறது, அந்த வெட்டுக்காயத்தோடேயே.

அதன்பின் சிங்கம் என்ற பட்டம் கிறிஸ்துவுக்கு இந்தப் புத்தகத்தில் மறுபடி வரவே இல்லை. ஆட்டுக்குட்டி என்ற பெயரோ மொத்தம் 28 இடங்களில் வருகிறது. முத்திரைகளை உடைப்பது ஆட்டுக்குட்டி. சீயோன் மலையில் நிற்பது ஆட்டுக்குட்டி. ராஜாக்களோடு யுத்தம்பண்ணி ஜெயிப்பதும் (17:14), கடைசியில் கலியாணம் பண்ணுவதும் அவரே. ஆகவே சிங்கம் என்ற பட்டம் பொய் என்று நான் சொல்லவில்லை. யூத ராஜசிங்கம் என்று ஈஸ்டர் அன்று பாடுவதில் ஒரு பிழையும் இல்லை, ஏனென்றால் மூப்பர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தச் சிங்கம் எப்படி ஜெயித்தது என்று கேட்டால் ஆட்டுக்குட்டியைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. ‘முதலில் சாந்தம், பிறகு பலம்’ என்று காலவரிசையாகப் பிரிக்கும் பிரசங்கம், சிலுவையை ஒரு தற்காலிக ஏற்பாடாக ஆக்கிவிடுகிறது. கடவுளின் உண்மையான குணம் பிறகுதான் வெளிப்படும், சிலுவையில் அவர் கொஞ்ச காலம் பொறுத்துக்கொண்டிருந்தார் என்பது போல. யோவானுக்கு அப்படி இல்லை. மூப்பர் ‘ஜெயங்கொள்ளுவார்’ என்று சொல்லவில்லை, ‘ஜெயங்கொண்டிருக்கிறார்’ என்று முடிந்துபோன செயலாகவே சொல்கிறார்.

சரி, ‘பலி’ என்றால் இங்கே என்ன? கிறிஸ்தவ இறையியலில் இதற்குப் பல விளக்கங்கள் உண்டு. நம் பாவத்தின் தண்டனையை அவர் ஏற்றார் என்பது ஒன்று. சாத்தானையும் மரணத்தையும் ஜெயித்தார் என்பது ஒன்று. கடவுளின் கனத்துக்கு ஈடு செலுத்தினார் என்று 11ஆம் நூற்றாண்டில் அன்செல்ம் என்ற இறையியலாளர் சொன்னது ஒன்று. வெளிப்படுத்தின விசேஷத்தில் மேலோங்கி நிற்பது பஸ்கா, அதாவது இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையான இரவின் பலி, என்பது என் கணிப்பு. காரணம் புத்தகத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. எகிப்தில் விழுந்த வாதைகளின் சாயலில் வாதைகள்: தண்ணீர் இரத்தமாகிறது, தவளைகள், கல்மழை, இருள், வெட்டுக்கிளி. 15ஆம் அதிகாரத்தில் கண்ணாடிக் கடலருகே நின்று பாடுவது ‘மோசேயின் பாட்டும் ஆட்டுக்குட்டியானவரின் பாட்டும்’. ஐந்தாம் அதிகாரத்துப் புதிய பாட்டில் வரும் ‘ராஜாக்களும் ஆசாரியர்களும்’ என்ற வார்த்தையும் சீனாய் மலையில் இஸ்ரவேலுக்குச் சொல்லப்பட்டதன் எதிரொலி.

பஸ்கா ஆட்டை லேவியராகமத்தின் பாவநிவாரண பலிகளோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அடிமைகள் விடுதலையாகிப் புறப்பட்ட இரவில், வீட்டு நிலைக்கால்களில் இரத்தம் பூசி, இறைச்சியை அவசரமாகச் சாப்பிட்டுக் கிளம்பிய இரவில் அடிக்கப்பட்ட ஆடு அது. ஆகவேதான் புதிய பாட்டு, ‘உம்முடைய இரத்தத்தினாலே எங்களைத் தேவனுக்கென்று மீட்டுக்கொண்டீர்’ என்று விலை கொடுத்து வாங்கும் பேச்சில் போகிறது. சகல கோத்திரம், பாஷை, ஜனம், ஜாதிகளிலிருந்தும் வாங்கப்பட்டவர்கள் என்ற பட்டியலைக் கேட்டவர்களில் உண்மையிலேயே அடிமைகளும் இருந்திருப்பார்கள். பாவமன்னிப்பு இதில் இல்லை என்று பொருளல்ல. முதல் அதிகாரத்தின் ஐந்தாம் வசனமே அவருடைய இரத்தத்தையும் நம் பாவங்களையும் சேர்த்துப் பேசுகிறது. ஏசாயா 53இல் அடிக்கப்படுவதற்குக் கொண்டுபோகப்படும் ஆட்டுக்குட்டியின் நிழலும் இங்கே உண்டு. ஆனால் கடவுள் தம் கோபத்தால் ஆட்டுக்குட்டியை அடித்தார் என்ற வாக்கியம் இந்தப் புத்தகத்தில் ஓரிடத்திலும் இல்லை. அந்தக் கருத்தை வேறு வேதபகுதிகளிலிருந்து வாதிடலாம்; இங்கிருந்து எடுக்க முடியாது.

13:8ஐ வைத்து ஒரு பழைய விவாதம் இருக்கிறது. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் ‘உலகத்தோற்றமுதல் அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி’ என்று இருக்கிறது. வேறு பல மொழிபெயர்ப்புகளில் ‘உலகத்தோற்றமுதல்’ என்பது பெயர் எழுதப்பட்டதோடு போய்ச் சேரும். 17:8இல் அப்படித்தான் இருக்கிறது. கிரேக்க வாக்கியம் இரண்டுக்கும் இடம் கொடுப்பதால், இந்த ஒரு வசனத்தை மட்டும் வைத்துக் கோட்டை கட்ட வேண்டாம் என்பேன்.

ஆளும் அதிகாரம் என்ற விஷயத்தில் இந்தப் புத்தகம் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க வழிபாட்டைக் கவனிக்க வேண்டும். யோவான் ஒரு தூதனின் காலில் இரண்டு தடவை விழப் பார்க்கிறார் (19:10, 22:8-9). இரண்டு தடவையும் தூதன் தடுத்து, ‘தேவனைத் தொழுதுகொள்’ என்கிறான். இப்படி இவ்வளவு கறாராக இருக்கும் ஒரு புத்தகம், ஐந்தாம் அதிகாரத்தில் ஆட்டுக்குட்டிக்கு முன் மூப்பர்கள் விழுவதை ஏற்றுக்கொள்கிறது. பின் தூதர் கூட்டம், பின் வானத்திலும் பூமியிலும் கடலிலும் உள்ள எல்லா உயிரும், ‘சிங்காசனத்தின்மேல் வீற்றிருக்கிறவருக்கும் ஆட்டுக்குட்டியானவருக்கும்’ ஒரே மூச்சில் துதி செலுத்துகின்றன. 22:3இல் ‘தேவனும் ஆட்டுக்குட்டியானவரும் இருக்கிற சிங்காசனம்’ என்று இருவரைச் சொல்லிவிட்டு, அடுத்து ‘அவருடைய ஊழியக்காரர் அவரைச் சேவித்து’ என்று ஒருமையில் முடிக்கிறார். கிறிஸ்து கடவுளே என்று அறிக்கையிட்ட நிசேயா மாநாடு கூடிய 325க்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே இப்படி எழுதியிருக்கிறார்கள்.

கடவுளுக்கு ஏற்கெனவே ஒரு சிங்காசனம் இருந்தது, பக்கத்தில் பலியானவருக்கு ஒரு நாற்காலி போட்டார்கள் என்று இதைப் புரிந்துகொண்டால் போதாது. ஒரே சிங்காசனம்தான். அடிக்கப்பட்டவர் அதன் நடுவில் இருக்கிறார் என்றால், கடவுள் எப்படி ஆளுகிறவர் என்பதையே அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சங்கீதக்காரன் காலத்திலிருந்து கடவுள் ராஜா என்று எல்லாரும் பாடினார்கள். எந்த மாதிரி ராஜா என்பதற்கு யோவான் தரும் விடை இந்த ஆட்டுக்குட்டி. என்னைப் பொறுத்தவரை இந்தப் புத்தகத்தின் நடுநரம்பு இதுதான். மிச்சமெல்லாம் இதிலிருந்து கிளைக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் 13ஆம் அதிகாரம். கடலிலிருந்து எழும் மிருகத்தின் தலைகளில் ஒன்று கொல்லப்பட்டதுபோல் இருந்து காயம் ஆறிவிடுகிறது. பூமியிலிருந்து எழும் இரண்டாவது மிருகத்துக்கு ஆட்டுக்குட்டிக்கு இருப்பதுபோல இரண்டு கொம்புகள், ஆனால் பேச்சு சாத்தானைக் குறிக்கும் வலுசர்ப்பத்தின் பேச்சு. வலுசர்ப்பம் தன் சிங்காசனத்தையும் அதிகாரத்தையும் மிருகத்துக்குக் கொடுக்கிறது. எல்லாமே ஐந்தாம் அதிகாரத்தின் நகல். நகலில் விட்டுப்போனது ஒன்றுதான்: மிருகம் யாருக்காகவும் சாகவில்லை, அது சாகடிக்கிறது. அந்த மிருகத்தின் வாய் சிங்கத்தின் வாய் என்று யோவான் எழுதியிருப்பதை யாராவது பிரசங்கத்தில் எடுத்துச் சொன்னால் நன்றாக இருக்கும். 18ஆம் அதிகாரத்தில் பாபிலோன் என்ற பெயரில் வரும் ரோமின் சரக்குப் பட்டியலும் மிருகத்தின் இந்த ஆட்சியின் முகம்தான். பொன், வெள்ளி, முத்து, இரத்தாம்பரம், தந்தம், லவங்கப்பட்டை, சாம்பிராணி, திராட்சரசம், எண்ணெய், கோதுமை, ஆடுமாடு, குதிரை, இரதம் என்று போய், கடைசிச் சரக்காக மனிதர்கள்.

இதுவரை சொன்னது அழகாக ஒட்டுகிறது. ஒட்டாத இடங்களும் இருக்கின்றன. அவற்றை மூடி மறைத்தால் பதில் நேர்மையாக இருக்காது. ‘ஆட்டுக்குட்டியானவருடைய கோபம்’ என்று 6:16 சொல்கிறது. 14ஆம் அதிகாரத்தில் ஆட்டுக்குட்டிக்கு முன்பாகவே வாதிக்கப்படுகிறார்கள். திராட்சை ஆலையிலிருந்து குதிரைகளின் கடிவாளம் மட்டும் இரத்தம் ஓடுகிறது. 19ஆம் அதிகாரத்தில் வெள்ளைக் குதிரையின் மேல் ஒருவர், கண்கள் அக்கினிஜுவாலை, பின்னால் சேனைகள், பறவைகளுக்குப் பிண விருந்து. ‘பார், கடைசியில் சிங்கம்தானே வந்தது’ என்று சொல்கிறவர்கள் இந்த அதிகாரத்தைத்தான் காட்டுவார்கள்.

அந்தக் குதிரைவீரரை அருகில் போய்ப் பார்ப்போம். அவர் உடுத்தியிருக்கும் வஸ்திரம் இரத்தத்தில் தோய்ந்தது என்று 13ஆம் வசனம் சொல்கிறது. சண்டை தொடங்கவில்லை. எதிரிகள் கூடியதே 19ஆம் வசனத்தில்தான். அப்படியானால் அது யாருடைய இரத்தம்? அவருடைய சொந்த இரத்தம் என்று வாசிப்பவர்கள் உண்டு. இந்தப் புத்தகத்தில் கிறிஸ்துவோடு சேர்ந்து வரும் இரத்தம் அவருடையதே என்பது அவர்கள் வாதம். மறுபக்கம், இந்தக் காட்சி ஏசாயா 63இலிருந்து எடுக்கப்பட்டது. அங்கே ஆலையை மிதித்தவரின் உடையில் தெறித்திருப்பது பகைவரின் இரத்தம்; 15ஆம் வசனமும் அவர் ஆலையை மிதிப்பதாகவே சொல்கிறது. நான் முதல் வாசிப்பின் பக்கம் சாய்கிறேன், ஆனால் இரண்டாவதைத் தள்ளிவிட முடியாது. சந்தேகமில்லாத இரண்டு விஷயங்களைச் சொல்லலாம். அவர் கையில் வாள் இல்லை, வாயிலிருந்து புறப்படுகிறது. அதாவது அவருடைய வார்த்தையே ஆயுதம். பின்னால் வரும் சேனை வெள்ளை மெல்லிய வஸ்திரம் போட்டிருக்கிறது; அவர்கள் ஒருவரையாவது வெட்டினதாக ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாதைகள் வந்தபோது மனிதர்கள் என்ன செய்தார்கள்? மனந்திரும்பவில்லை என்று 9:20-21 சொல்கிறது. 16ஆம் அதிகாரத்தில் தேவனைத் தூஷித்தார்கள், மனந்திரும்பவில்லை என்று மறுபடியும் வருகிறது. வெறும் பலத்தைக் காட்டி மனதை மாற்ற முடியாது என்பதை இந்தப் புத்தகமே ஒப்புக்கொள்கிறது. 11ஆம் அதிகாரத்தில் இரண்டு சாட்சிகள் கொல்லப்பட்டு, தெருவில் கிடந்து, எழுப்பப்பட்டபிறகு, நிலநடுக்கத்தில் தப்பியவர்கள் பரலோகத்தின் தேவனுக்கு மகிமை செலுத்துகிறார்கள். 19இல் பிணமாய்க் கிடந்த ‘பூமியின் ராஜாக்கள்’ 21ஆம் அதிகாரத்தில் புதிய எருசலேமுக்குள் தங்கள் மகிமையைக் கொண்டுவருகிறார்கள். அது எப்படி என்று யோவான் விளக்குவதில்லை. ஒரு பக்கம் அக்கினிக்கடல், ஒரு பக்கம் ஜாதிகள் ஆரோக்கியமடைவதற்கு ஜீவவிருட்சத்தின் இலைகள். இரண்டையும் அவர் எழுதியிருக்கிறார். ஒன்றைக் கிழித்துப் போடும் உரிமை நமக்கு இல்லை.

இந்தச் சங்கடம் திருச்சபைக்குப் புதிதல்ல. சிரியாக் மொழியின் பழைய பெஷித்தா வேதாகமத்தில் இந்தப் புத்தகம் இடம்பெறவில்லை. கிழக்கு மரபுவழிச் சபைகள் இதை வேதமாக ஏற்றாலும் வழிபாட்டு வாசகங்களில் சேர்க்கவில்லை. 1522இல் ஜெர்மன் சீர்திருத்தவாதி லூத்தர், கிறிஸ்து இதில் போதிக்கப்படவும் இல்லை அறியப்படவும் இல்லை என்று முன்னுரையில் எழுதி, 1530இல் தொனியை மாற்றிக்கொண்டார். ஆட்டுக்குட்டி என்ற உருவத்தின் மேலேயே சண்டை நடந்திருக்கிறது: 692இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய ஒரு மாநாடு, கிறிஸ்துவை இனி ஆட்டுக்குட்டியாக வரையக் கூடாது, மனித உருவிலேயே வரைய வேண்டும் என்று விதித்தது. ரோமின் பாப்பரசர் முதலாம் செர்ஜியுஸ் அந்த மாநாட்டின் விதிகளை ஏற்க மறுத்தார். திருப்பலியில் அப்பம் பிட்கும்போது ‘இறைவனின் செம்மறி’ மன்றாட்டைப் பாடும் வழக்கமும் அவர் காலத்தில் வந்ததாகவே பாப்பரசர்களின் பழைய வரலாறு சொல்கிறது. நம்மூர் கத்தோலிக்கக் கோயில்களில் இன்றும் அது தமிழில் ஒலிக்கிறது.

சிங்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஆட்டுக்குட்டியை விட்டவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்பதற்கும் வரலாற்றில் உதாரணம் இருக்கிறது. 1534இல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரைப் பிடித்த ஒரு கூட்டம் அதைப் புதிய எருசலேம் என்று அறிவித்தது. லைடன் நகரத்து யான் என்ற தையற்காரர் தன்னை ராஜாவாக முடிசூட்டிக்கொண்டார். 1535இல் நகரம் வீழ்ந்தது. தலைவர்களைச் சித்திரவதை செய்து கொன்று உடல்களைக் கூண்டுகளில் வைத்துத் தொங்கவிட்டார்கள். அந்தக் கூண்டுகள் இன்றும் லாம்பெர்ட் தேவாலயக் கோபுரத்தில் இருக்கின்றன. அமெரிக்காவில் வேக்கோ அருகே டேவிட் கொரேஷ் என்ற மதக்குழுத் தலைவர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஏழு முத்திரைகளைத் திறக்கும் ஆட்டுக்குட்டி தானே என்று போதித்தார், ஆயுதங்களைக் குவித்தார். 1993 ஏப்ரல் 19 அன்று, 51 நாள் முற்றுகையின் முடிவில் எழுந்த தீயில், குழந்தைகள் உட்பட 76 பேர் செத்தார்கள். அரசாங்கத்தின் அணுகுமுறைமேல் இன்றுவரை கடும் விமர்சனம் உண்டு, அது தனிக் கதை. ஆனால் ஐந்தாம் அதிகாரத்து ஆட்டுக்குட்டி தன் இரத்தத்தைக் கொடுத்து மற்றவர்களை மீட்டது. மற்றவர்களைத் தன்னோடு சாகவைக்கிறவர் அந்தப் பட்டத்தை எடுத்துக்கொண்டால், மிருகத்தின் நகல் வேலையைத்தான் செய்கிறார்.

கடைசிக் கேள்வி: விசுவாசியும் பலியாக வேண்டுமா? புத்தகம் இதை மறைக்கவில்லை. பலிபீடத்தின் கீழே கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் ‘எதுவரைக்கும்’ என்று கேட்கின்றன. 12:11இல் அவர்கள் ஜெயித்தது ஆட்டுக்குட்டியின் இரத்தத்தினாலும் தங்கள் சாட்சியின் வசனத்தினாலும். ‘நான் ஜெயங்கொண்டு என் பிதாவினுடைய சிங்காசனத்தில் அவரோடேகூட உட்கார்ந்ததுபோல’ என்று லவோதிக்கேயாவுக்குச் சொல்லும்போது, சிங்காசனத்துக்குப் போகும் வழி அவருக்கும் சீஷர்களுக்கும் ஒன்றுதான் என்று ஆகிறது. ஆனால் சாவைத் தேடிப் போ என்று எங்கும் கட்டளை இல்லை. கேட்கப்படுவது உண்மையாயிருத்தல், அதன் விலை ஊருக்கு ஊர் மாறும். பிறருடைய அநியாயத்தைச் சகித்துக்கொள்ளச் சொல்லி எளியவர்கள்மேல் இந்த வசனங்களைச் சுமத்துவதும் தவறு. பலிபீடத்தின் கீழ் இருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டில்லை, நியாயம் கேட்டுக் கூப்பிடுகிறார்கள். அவர்கள் சத்தத்தைக் கடவுள் அடக்கவும் இல்லை.

முதல் வாசகர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில் இது எப்படி நடைமுறையானது என்று பார்க்க சிமிர்னாவுக்கே போகலாம். கி.பி. 155ஐ ஒட்டி அந்த ஊர் ஆயர் போலிக்கார்ப்பைக் கைது செய்தார்கள். அவர் கொல்லப்பட்டதைப் பற்றிச் சிமிர்னா சபை எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதே கடிதத்தில் குவிந்துஸ் என்ற ஒருவர் வருகிறார்; தானாகவே முன்வந்து மற்றவர்களையும் தூண்டியவர், மிருகங்களைக் கண்டதும் பயந்து பேரரசருக்குப் பலிசெலுத்திவிட்டார். ஆகவே தாங்களாகப் போய் மாட்டிக்கொள்கிறவர்களை நாங்கள் பாராட்டுவதில்லை என்று சபை வெளிப்படையாக எழுதுகிறது. போலிக்கார்ப்போ நண்பர்கள் சொன்னபடி முதலில் ஊருக்கு வெளியே ஒரு பண்ணைவீட்டில் ஒதுங்கியிருந்தவர். பிடிபட்டபின் வண்டியில் ஏற்றிக்கொண்டு போன அதிகாரி, ‘சீசரே ஆண்டவர் என்று சொல்லிச் சாம்பிராணி போடுவதில் என்ன கெட்டுவிடும்?’ என்று நயமாகவே கேட்கிறார். விளையாட்டரங்கில் ஆளுநர், கிறிஸ்துவைச் சபித்தால் விட்டுவிடுகிறேன் என்றபோது போலிக்கார்ப் சொன்ன பதில்: 86 வருஷம் அவருக்கு ஊழியம் செய்தேன், அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, என்னை இரட்சித்த என் ராஜாவை எப்படித் தூஷிப்பேன்?

அவரைக் கம்பத்தில் கட்டியபோது, பெரிய மந்தையிலிருந்து பலிக்கென்று தெரிந்தெடுத்த ஆட்டுக்கடாவைப் போல இருந்தார் என்று கடிதம் எழுதுகிறது. முடிவில் அவர் இறந்த தேதியை அந்தக் கால வழக்கப்படி பதிவு செய்கிறார்கள். மாதம், நாள், நேரம், அப்போது பெரிய பூசாரியாக இருந்த திரல்லெஸ் ஊர் பிலிப்பு, ஆளுநராக இருந்த ஸ்டாட்டியுஸ் குவாட்ராட்டுஸ். வழக்கமாக இந்தப் பட்டியலில் ஆளும் பேரரசரின் பெயர் வர வேண்டும். அந்த இடத்தில் ‘என்றென்றும் ஆளுகிற இயேசு கிறிஸ்து’ என்று எழுதியிருக்கிறார்கள்.